பார்த்ததை மட்டும் சொன்னவர்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு என் தொலைபேசியில் ஒரு சொல் வந்து விழுந்தது. "விடுங்க." முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பங்குச் சந்தை மூடுவதற்கு இன்னும் ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம் இருந்தது. நான் அலுவலக மேசையில் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தேன். அந்தச் சொல்லைப் படித்ததும் சாப்பிட்டேன். மூன்று நாட்களாகத் தொண்டையில் இறங்காத சோறு அன்று இறங்கியது. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். எல்லாம் பிழையாகிப்போகத் தொடங்கிய நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். நான் வயிறாரச் சாப்பிட்ட அந்த நேரம்.

அனுப்பியவர் கொட்டாஞ்சேனைக்காரர். எழுபத்தொரு வயது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் டெலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணியதற்கு மட்டும் கையெழுத்து வைக்கிற வேலை அது. ஓய்வுபெற்றுப் பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்த வேலை அவரை விட்டுப் போகவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வரும்: "பாத்தீங்களா?"

பேக்கரியில் பாண் விலை ஏறிவிட்டது என்றால், "பாத்தீங்களா?" காலி வீதியில் விபத்தாம் என்றால், "பாத்தீங்களா?" ஒருநாள் அவர் தொலைபேசியில் எடுத்தபோது இங்கே வெள்ளவத்தையில் நல்ல மழை என்றேன். அதற்கும் கேட்டார். நான் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மேல்வீட்டுக்காரரின் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மழை இல்லை. அவர் சிரிக்கவில்லை. "அதான் மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் அவரை முதலில் கண்டது ஒரு பங்குதாரர் கூட்டத்தில். வாடகைக்கு ஓடும் மூன்று சக்கர வண்டிகளையும் சிறிய டாக்ஸிக் கார்களையும் பொருத்தி விற்கிற கம்பனி அது. ஒரு காலத்தில் நன்றாக ஓடியது. பிறகு வாகன உதிரிப்பாகங்கள் வராத காலம், பெற்றோல் இல்லாத காலம் என்று அடிமேல் அடி வாங்கி, இனி மின்சார வண்டிதான் என்று அறிவித்திருந்தது. மேடையில் இருந்த பணிப்பாளர் பெருந்தொகையான மின்சார டாக்ஸிகளுக்கு முன்பதிவு வந்திருக்கிறது என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மெலிந்த, நரம்போடிய கை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது.

"பெருந்தொகைன்னா எத்தின, சேர்?"

பணிப்பாளர் சிரித்து, கிட்டத்தட்ட என்று தொடங்கி ஏதோ சொன்னார்.

"அப்ப யாரும் எண்ணல்ல" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். சபை சிரித்தது. அவர் மட்டும், ஏன் சிரிக்கிறார்கள் என்பதுபோல எங்களைப் பார்த்தார்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரான மாஸ்டர், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாமசிக்காரர். மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வேரூன்றியவர்கள். மூவரிடமும் அந்தக் கம்பனியின் பங்கு இருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணத்துக்காக. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலரைக்கு மருந்துக்கடையின் பின்னறையில் கூடுவோம். கூட்டத்தில் தந்த சாப்பாட்டுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவரை மாஸ்டர் போய்க் கூப்பிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, இன்னொன்று மாறி, சரியாக நாலரைக்கு வந்து நின்றார். அதன் பிறகு நான்கு வருடம் ஒரு நாளும் பிந்தியதில்லை.

என் காரணம் என் மகள். அரச பல்கலைக்கழகம் ஒரு சில புள்ளிகளால் கைவிட்டுப் போனது. தனியார் நிறுவனமொன்றில் பொறியியல் படிக்கத் தொடங்கினாள். முதல் வருடத்துக்கு நகை போனது. மிச்ச வருடங்களுக்கென்று நான் வைத்திருந்ததை வங்கியில் விட்டால் கரைந்துபோகும் என்று பயந்து, கட்டாரில் இருக்கும் கணவருக்கும் சொல்லாமல், முதலில் கொஞ்சமாக வைத்திருந்த அந்தப் பங்கிலேயே போட்டேன். மகளுக்குத் தெரியும். "அம்மா, நீங்கள் யோசிச்சுத்தானே செய்யிறீங்கள்" என்றாள். யோசித்துத்தான் செய்தேன். யோசிப்பதைத் தவிர வேறொன்றும் நான் செய்ததில்லை.

பின்னறையில் எங்கள் விவாதம் எப்போதும் ஒரே வழியில்தான் போகும். மாஸ்டருக்கு மின்சார வண்டி என்றால் வேதவாக்கு. இயந்திரத்தில் தேயும் பாகங்கள் எத்தனை, மோட்டரில் எத்தனை என்று மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தில் படம் கீறுவார். பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் கிடந்து, வண்டிக்குள்ளேயே படுத்து எழும்பிய சாரதி இனி ஒருக்காலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்பார். பாமசிக்காரர் விடமாட்டார்.

"மாஸ்டர், உங்கட மோட்டர் நல்லதுதான். அவன் அதை சார்ஜுக்கு எங்க கொண்டுபோய்க் குத்திறது? அஞ்சாம் மாடியில இருந்து கீழ வயர் விடுறதே?"

"அதுக்கு இடம் கட்டுவாங்கள்."

"ஆர் கட்டுறது? நீரோ?"

இப்படியே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் மாஸ்டர், "சரி, அதை விடுங்கோ" என்பார். எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை. பங்கு விலை இறங்கிய நாட்களில் நான் முகம் வாடியிருந்தால் பாமசிக்காரரும் அதையே சொல்வார்: "விடுங்கோ தங்கச்சி, ஏறும்." கவலையை விடு, கிடக்கட்டும், தொடாதே. எங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்காரர் இந்த வாதத்தில் கலந்துகொள்வதில்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பார்த்துவிட்டு வந்திருப்பார். ஒருமுறை மட்டக்குளியில் வாடகை வண்டிச் சாரதிகள் நிற்கும் இடத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். மாஸ்டர் நினைப்பது போல வண்டி இரவில் வீட்டில் நிற்பதில்லையாம். ஒரே வண்டியைப் பகலில் ஒருவரும் இரவில் இன்னொருவருமாக நாட்கூலிக்கு எடுத்து ஓட்டுகிறார்களாம். "வண்டி தூங்கிறதே இல்ல. தூங்காத வண்டிக்கு எந்த நேரம் சாப்பாடு குடுக்கிறது?" என்றார். பாமசிக்காரர் மேசையில் தட்டினார். உடனே அவர் கையை உயர்த்தி, தான் பார்த்தது பதினோரு வண்டிதான், அதில் நாலுதான் அப்படி, மிச்சம் ஏழும் இரவில் நிற்கின்றன என்றார். இப்போது மாஸ்டர் மேசையில் தட்டினார்.

அதுதான் அவர். எந்தப் பக்கமும் சாயமாட்டார். மருந்து போட்டுக் கொடுக்கும் சிறிய தாள் உறைகளில் கோடு போட்டு வைத்திருப்பார். நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே. அதைப் பார்த்துச் சொல்வார். சொல்லி முடித்ததும், "நான் பாத்தது இவ்வளவுதான். மிச்சம் உங்க பாடு" என்பார். வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான்கு வருடத்தில் ஒருதரமும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இதை நான் இப்போது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பனியின் களஞ்சியம் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் முற்றங்களுக்கு நடுவே இருந்தது. அதன் எதிரில் ஒரு தேநீர்க் கடை. மாதத்தில் இரண்டு நாளாவது அங்கே போய் இருப்பார். எத்தனை வண்டி வெளியே வருகிறது, எத்தனை பெட்டி உள்ளே போகிறது என்று எண்ணுவார். கொன்டெய்னரை அவர் பெட்டி என்றுதான் சொல்வார். பற்றரிகள் வரத் தொடங்கிவிட்டன என்று கம்பனி அறிவித்தபோது, பெட்டிகள் போவதைப் பார்த்ததாகவும் டயர்கள் நன்றாக அமுங்கியிருந்ததாகவும் சொன்னார். அன்று நாங்கள் மூவரும் இன்னும் கொஞ்சம் வாங்கினோம்.

அவரைப் பற்றிப் பாமசிக்காரர் ஒருநாள் எனக்குத் தனியே சொன்னது இது. சில வருடங்களுக்கு முன்னர் அந்த உயிர்த்த ஞாயிறன்று அவருடைய பகுதித் தேவாலயத்தில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அன்றும் அடுத்த நாளும் அவருடைய ஒழுங்கையில் உள்ளவர்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் போகத் துணிவில்லாமல் அவரை அனுப்பினார்களாம். அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் திரும்பி வந்து, வாசலில் நின்று, "பாத்துட்டேன்" என்பாராம். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வீட்டுக்குள் அழத் தொடங்குவார்களாம். ஒரு வீட்டில் மகள் போய்விட்டாள் என்று எல்லோரும் முடிவுசெய்து வெள்ளைக் கொடி கட்டப் போனபோது, தான் இன்னும் பார்க்கவில்லை என்று குறுக்கே நின்றாராம். அந்தப் பிள்ளை மறுநாள் ஒரு வார்ட்டில் முகத்தில் கட்டோடு கிடந்தாள். இப்போது அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது.

இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு நான் அவரைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும். மகள் பரீட்சை முடிந்து வரப் பிந்தினால் அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். ஒருமுறை தெருவில் ஆர்ப்பாட்டம், பஸ் இல்லை, மகளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அவர் அந்தப் பக்கம் எங்கோ நின்றிருக்கிறார். முக்கால் மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது. "பாத்துட்டேன் மிஸ். நீலக் குடை. ரெண்டு பிள்ளைங்களோட நிக்கிறா. சிரிச்சுக்கிட்டு இருக்கா." சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பழக்கத்தில்தான் அன்று காலையும் எடுத்தேன். அந்த வாரம் பங்கு மூன்று நாள் தொடர்ந்து இறங்கியிருந்தது. கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்கள் நெருக்குகிறார்கள் என்று ஒரு கதை. மின்சார வண்டிகள் அடுத்த மாதம் வீதிக்கு வருகின்றன என்று இன்னொரு கதை. மாஸ்டர் இரண்டாவதை நம்பினார். பாமசிக்காரர் விற்றுவிட்டுக் கடைக் குத்தகையைப் புதுப்பிக்கப் போவதாக நின்றார். நான் இரண்டுக்கும் நடுவில் சாப்பிடாமல் இருந்தேன்.

போய்ப் பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். காலில் வீக்கம், வெயிலும் கடுமை, நாளைக்குப் போகட்டுமா என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு எண்டால் பிந்திப்போம் அண்ணை. ஒருக்காப் பார்த்திட்டு வாங்கோவன். பிள்ளையின்ர படிப்பு."

அவர் மனைவியிடம் குடையைக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "சரி மிஸ், போறேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு மனம் தாங்காமல் ஒரு செய்தி அனுப்பினேன். பயப்பட ஏதும் இருக்கோ அண்ணை என்று. தெருவில் நின்று சல்லிக் கதை, பணக் கதை, கதைக்கக்கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. அதனால் அழைப்பு எடுக்கமாட்டார். ஒற்றை விரலால் தட்டுவதால் ஒரு சொல்லுக்கு மேல் எழுதவுமாட்டார். மிச்சத்தை நாலரைக்கு வந்து சொல்வார். பன்னிரண்டு நாற்பத்தேழுக்குப் பதில் வந்தது. "விடுங்க."

நான் உடனே பாமசிக்காரருக்கு எடுத்தேன். அவர் புரோக்கரோடு பேசுவதற்காக எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாராம். "அண்ணை போய்ப் பார்த்திட்டாராம். பயப்பட ஒண்டுமில்லையாம், விடட்டாம்" என்றேன். மாஸ்டருக்கும் அதையே சொன்னேன். அவர் எழுதியது ஒரு சொல். நான் அதை ஒரு வசனமாக்கினேன்.

நாலரைக்கு அவர் வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. மாஸ்டர் அதன்மேல் தன் குடையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். ஆறு மணியளவில் அவருடைய மனைவி அழைத்தார். ஒருகொடவத்தையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் விழுந்துவிட்டாராம். மூளையில் இரத்தம் அடைத்து ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை பகல் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். பேச்சு இல்லை. வலது பக்கம் அசைவில்லை. கண் மட்டும் பழைய கண். என்னைக் கண்டதும் இடது கையைக் கட்டிலிலிருந்து உயர்த்தினார். விரல்களை மெல்ல மூடி, பிறகு உள்ளங்கை கீழே பார்க்க அகல விரித்தார். மறுபடியும் மூடினார், விரித்தார். கை பிடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார். பலமில்லை, ஆனாலும் உதறினார். மறுபடி விரித்தார். இந்த முறை நான் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே செய்திட்டம்" என்றேன்.

அவர் கை என் கைக்குள் ஓய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நேரம் ஒரு மணியாகவில்லை. சந்தை திறந்துதான் இருந்தது.

ஞாயிறு விடியும் வேளையில் போய்விட்டார். திங்கட்கிழமை காலை அந்தப் பங்கின் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவைத்தார்கள். இன்றுவரை திறக்கவில்லை. பற்றரி என்று வந்த கொன்டெய்னர்களில் பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை வெறும் பெட்டிகள் என்று பிறகு தெரியவந்தது. கடன் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளே போய்வந்தவையாம்.

திங்கட்கிழமை பின்னேரம்தான் அடக்கம். நானும் மாஸ்டரும் போனோம். பாமசிக்காரர் வரவில்லை. பெட்டிக்குள் அவரைக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கிடத்தியிருந்தார்கள். கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டு, விரல்களை மடக்கி, ஜெபமாலையைச் சுற்றிக் கட்டியிருந்தது. நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இவ்வளவு காலமும் ஒரு பெட்டியைக்கூடப் பார்க்காமல் சொல்லாதவர், என் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் பார்க்காமல் சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். இறந்தவரின் காலடியில் நின்று அதைத்தான் நினைத்தேன். திரும்பி வரும்போது மாஸ்டர், "வயசு போட்டுது. வெயில். கண் தெரிஞ்சிராது" என்றார். நானும் ஓம் என்றேன்.

மகள் அந்தத் தவணையோடு படிப்பை நிறுத்தினாள். ஒரு வருடத்துக்குத்தான் அம்மா என்றாள். இப்போது ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்தில் வேலை. என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து நானே ஒருகொடவத்தைக்குப் போனேன். எதற்கென்று தெரியவில்லை. தேநீர்க் கடையில் அவர் இருந்திருக்கக்கூடிய வாங்குப் பலகையில் உட்கார்ந்து வீதியைப் பார்த்தேன். கொன்டெய்னர் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. எது நிறைந்தது, எது வெறுமை என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே இரும்பு, ஒரே தூசி. கடைக்காரர் சிங்களத்தில், அந்த வெள்ளைச் சட்டை ஐயா உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். அன்று பகல் முழுக்க எழும்பி நின்றுகொண்டே இருந்தாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

முப்பதாம் நாள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. நான் தரகர் அலுவலகத்திலிருந்து யாரோ என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் அவருடைய மனைவி. வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"வரலாமா மிஸ்?"

உட்காரவைத்தேன். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு யன்னலோரம் நின்றாள். அவர் முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல வந்திருந்தார். சொல்லிவிட்டும் எழும்பவில்லை. தேநீர்க் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். மூன்று நாளும் கணவர் கையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாராம். தண்ணீர் கேட்கிறார் என்று தாதி நினைத்தாளாம். இவர் ஜெபமாலையைக் கையில் வைத்திருக்கிறார். அதையும் கீழே போட்டாராம். முப்பத்தொன்பது வருடம் ஒரு பூசை தவறாத மனிதர் ஜெபமாலையைக் கீழே போட்டதை நினைத்து நினைத்து இவருக்கு இத்தனை நாள் தூக்கமில்லையாம்.

"போன கிழமதான் மிஸ் எனக்கு ஞாபகம் வந்திச்சு. கல்யாணம் கட்டின புதுசுல ஹார்பர் காட்டக் கூட்டிட்டுப் போனாரு. கிரேன்ல மேல இருக்கிறவனுக்குக் கீழ பேசிறது கேக்காது. கையாலதான் எல்லாம். இப்பிடி மூடினா பிடி." கையை மூடிக் காட்டினார். பிறகு உள்ளங்கை கீழே பார்க்க அகல விரித்தார். "இப்பிடி விரிச்சா விடு. கைல பிடிச்சிருக்கிறத விட்டுரு. வச்சிருந்தா ஆள் செத்துருவான்."

யன்னலோரத்தில் மகள் அசைவது தெரிந்தது.

"சாப்பாட்டுக்குப் பிந்தும்னு சொல்ல அன்னிக்கு பகல் அங்கேருந்து எனக்குப் போன் எடுத்தாரு. பெட்டியெல்லாம் துள்ளுதுன்னாரு. சாமான் இருக்கிற பெட்டி ரோட்டுல அமுங்கிப் போகும். வெறும் பெட்டி பள்ளத்துல துள்ளும், டமார் டமார்னு சத்தம் வரும். ஒன்பது எண்ணிட்டேன், ஒன்பதும் துள்ளுது, அவங்களுக்கு விடச் சொல்லிட்டேன், நம்மட்ட இருக்கிறத வந்து விடுறேன்னாரு. வரல்ல." அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். "எனக்கு அந்த புரோக்கர் யாருன்னும் தெரியாது. நம்மட்டது போனது போகட்டும் மிஸ். அவரு கட்டில்ல கெடந்து கைய விரிச்சது உங்களுக்காகத்தான். நேரத்துக்கு விட்டீங்களா, இல்லையான்னு தெரியாமத்தான் போனாரோன்னு எனக்கு மனசு கேக்கல்ல. அதக் கேக்கத்தான் வந்தேன். விட்டீங்கதானே?"

என் இரண்டு கையும் மடியில் இருந்தன. அந்தக் கைகளால்தான் நான் அவர் கையைப் பொத்திப் பிடித்தேன். அவர் விரிக்க விரிக்க மூடினேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் விற்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஓம்" என்றேன். "விட்டிட்டம்."

எங்கள் ஊர்ப் பேச்சில் அது பொய்யில்லை. அப்படியே விட்டுவிட்டோம், தொடாமல் விட்டுவிட்டோம். அவருடைய பேச்சில் அதைவிடப் பெரிய பொய் இல்லை.

அந்த அம்மா வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் தாழ்ந்தன. துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவடியில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவருன்னா பாத்தீங்களான்னு கேப்பாரு. எனக்கு நீங்க சொன்னாப் போதும் மிஸ்."